மச்சானைத் தடுத்த கல்வெட்டு

அவையோருக்கு வணக்கம்.

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்துவிட்டு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த குடவோலையின் பெருமையைப் பேசிக்கொண்டே திரும்புகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். ஆண்டு 919, 921. பெருமை இருக்கட்டும். யாரைச் சேர்க்கக்கூடாது என்று அந்த ஊர்ச் சபையார் எழுதிய இடத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. சரி, அவன் மச்சானை அனுப்பினால்? அதையும் யோசித்திருக்கிறார்கள். சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தந்தையோடு பிறந்தவன், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன் என்று நீள்கிறது பட்டியல். கல்யாணப் பத்திரிகையில்கூட நாம் இவ்வளவு முறை பார்ப்பதில்லை! 'உறவினர்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், "அவர் தூரத்துச் சொந்தம்தானே" என்று எவனாவது நழுவியிருப்பான்.

ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடாதே என்ற பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மயங்கிவிடவும் வேண்டாம். அது பிராமணர் சபை. கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போகும். மச்சானை நிறுத்திய அந்த வாசலுக்கு மற்றவர்கள் வரவே முடியாது.

நம் அலுவலகங்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். உறவினர் உண்டா என்று கேட்கப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. 'வேண்டிய பையன்' என்பதற்குக் கட்டம் ஏது? கூடப் படித்தவரின் மகன், சொந்த ஊர்க்காரன், சொந்தச் சாதிக்காரன், எல்லோரும் அந்தப் பெயரில்தான் உள்ளே வருகிறார்கள்.

ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். முதலில் வந்த பெண்ணிடம் அரை மணி நேரம் பாடத்தில் கேள்வி. கடைசிக் கேள்விக்குக் கரும்பலகையில் விடையை எழுதியே காட்டினார். அடுத்து வந்த இளைஞரிடம் தலைவர் கேட்டது, "அப்பாவுக்கு முட்டிவலி குறைந்ததா?" குறைந்துவிட்டது என்றார். காபி வந்தது. கரும்பலகையில் அந்தப் பெண்ணின் கையெழுத்து அப்படியே இருந்தது.

வேலை அந்த இளைஞருக்குத்தான். அந்த மதிப்பெண் தாளில் மூன்று கையெழுத்துகள்; மூன்றாவது என்னுடையது.