ஹெல்சிங்கியில் நகரப் படகு

நேயர்களுக்கு வணக்கம். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்குக் கோடையில் போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "அங்கே ஒரு காபி விலைக்கு இங்கே ஒரு வேளைச் சாப்பாடே முடிஞ்சிடுமே!" பொய்யில்லை. ஆனால் அங்கே கையைக் கடிப்பதெல்லாம் சுற்றுலாக்காரனுக்கென்று விற்பது. ஊர் தன் மக்களுக்கென்று வைத்திருப்பது மலிவு, சிலது இலவசம். இதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் வீட்டுக்காரரும் ஒன்பது நாள் ஓட்டினோம்.

படகையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தை ஒட்டி கௌப்பத்தோரி என்று ஒரு சந்தைத் திடல். கரையோரம் அழகழகாகச் சுற்றுலாப் படகுகள் நிற்கும். நாங்களும் அங்கேதான் வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற பாட்டி ஒருவர் எங்கள் கையிலிருந்த டிராம் சீட்டைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போங்கள் என்று விரலைக் காட்டினார். அங்கே நகரப் போக்குவரத்துப் படகு. டிராமுக்கு எடுத்த அதே நாள் சீட்டு அதற்கும் செல்லும்! கால் மணி நேரத்தில் சுவோமென்லின்னா தீவு. 1748-இல் ஸ்வீடன்காரர்கள் கட்டத் தொடங்கிய கடற்கோட்டை, 1991 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது. உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. பீரங்கிகளுக்குப் பக்கத்திலேயே புல்லில் படுத்துக் கிடக்கிறார்கள், தீவிலேயே குடியிருப்பவர்களும் உண்டு. மறுபடி சொல்கிறேன், அதே சீட்டு. நாங்கள் மூன்று தடவை போனோம்.

திரும்பி வந்த பசியில்தான் பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தது. சந்தையில் நம்ம நெத்திலி மாதிரி சின்ன மீனை மாவில் புரட்டி, வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள். விலையைக் கேட்டு வயிறு கலங்கி, இருவருக்கும் சேர்த்து ஒரே தட்டு வாங்கினோம். இவர் உப்புத் தூவத் தட்டைக் கொஞ்சம் வெளியே நீட்டினார். கூரைத் துணிக்கு வெளியே ஒரு சாண்தான் இருக்கும். கடற்பறவை ஒன்று மேலேயிருந்து சர்ரென்று இறங்கி, தட்டோடு கவிழ்த்துவிட்டது. நம்மூர்க் காக்கையாவது கொஞ்சம் யோசிக்கும்! கடைக்காரர் சிரிக்கவில்லை, தினமும் பார்க்கிறவர் போலிருக்கிறது. ஆகவே அங்கே கூரைக்கு அடியிலேயே சாப்பிடுங்கள்.

சாப்பாட்டுக்கு என் கணக்கு இதுதான். வேலை நாட்களில் மதியம், பதினொன்றிலிருந்து இரண்டு வரை, 'லௌனாஸ்', அதாவது மதியச் சாப்பாடு என்று பல உணவகங்களில் பலகை வைத்திருப்பார்கள். ஒரே விலைக்குச் சாலட், ரொட்டி, சாப்பாடு, பல இடங்களில் காபியும். அதைப் பெரிய சாப்பாடாக்கிக்கொள்ளுங்கள். ராத்திரிக்குத் தங்கும் இடத்துச் சமையலறையில் சோறு வடித்து, நம் பருப்புப்பொடி. சமையலறை உள்ள அறையாகப் பார்ப்பது அதற்குத்தான். தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே அமிர்தம்.

மழை வந்தால் 'ஓடி' என்கிற நூலகம். 2018-இல் திறந்தது, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காசு கிடையாது. அங்கே தையல் இயந்திரம்கூட... சரி, ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். விசாவைப் பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன்!

சுருக்கமாகச் சொல்கிறேன். பின்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். ஜூன் கடைசியில் வரும் யுஹானுஸ் என்கிற நடுக்கோடைப் பண்டிகை நாட்களில் போகாதீர்கள். ஊரே காலியாகிவிடும், கடைகள் பலதும் பூட்டியிருக்கும். அப்புறம், ஜூனில் ராத்திரி பத்தரைக்கும் வெயில் அடிக்கும், கண்ணைக் கட்ட ஒரு கறுப்புத் துணி... முடித்துவிட்டேன் ஐயா. வணக்கம்.