பந்து உள்ளே, ஆள் வெளியே

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பந்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

2007 ஆகஸ்ட் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்க பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ் தன் 756-ஆவது ஹோம் ரன்னை, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரியான அடியை, அடித்தார். ஹாங்க் ஆரனின் 755 என்ற வாழ்நாள் சாதனை அன்றோடு போயிற்று. அந்தப் பந்தை மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் ஏழரை லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். எடுத்தவர் சும்மா இருக்கவில்லை. இதை அருங்காட்சியகத்துக்கு அப்படியே கொடுக்கவா, நட்சத்திரக் குறி பொறித்துக் கொடுக்கவா, இல்லை ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பிவிடவா என்று இணையத்தில் வாக்கெடுப்பு வைத்தார். நட்சத்திரக் குறி ஜெயித்தது. 'இந்தச் சாதனையில் ஒரு வில்லங்கம் உண்டு' என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் குறியோடு பந்து, தேர்வான பேஸ்பால் வீரர்களுக்கு வெண்கலத் தகடு வைத்துக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடித்தவருக்கு அங்கே தகடு கிடையாது.

பாண்ட்ஸ் அடித்தது மொத்தம் 762. மதிப்புமிகு வீரர் விருது ஏழு முறை. தகடு கிடைக்க, பேஸ்பால் எழுத்தாளர்கள் போடும் வாக்கில் 75 சதவீதம் வேண்டும். பத்தாவது, கடைசி வாய்ப்பான 2022-இல் அவருக்குக் கிடைத்தது 66. ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை ஏழு முறை வாங்கிய ரோஜர் கிளெமென்ஸுக்கும் அதே கதி. ஊக்கமருந்து சந்தேகம்தான் காரணம். தனக்குப் பயிற்சியாளர் கொடுத்தது ஆளிவிதை எண்ணெய் என்றே நினைத்ததாகப் பாண்ட்ஸ் நீதிமன்ற விசாரணையில் சொன்னதாகச் செய்தி வந்தது. நானும் அதை நம்பவில்லை.

ஆனால் வாக்குப் போட்ட எழுத்தாளர்களைக் கொஞ்சம் பார்ப்போம். 1994-இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தில், பட்டத்துக்கான இறுதித் தொடரான உலகத் தொடரே ரத்தாகி, ரசிகர்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். 1998-இல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 ஹோம் ரன் என்று அடித்துத் தள்ளியபோதுதான் கூட்டம் பொங்கியது. அந்தக் கோடையில் மெக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோ என்ற தசை வளர்க்கும் மருந்துப் புட்டி இருந்ததை ஒரு நிருபர் பார்த்து எழுதினார். அன்றைக்கு பேஸ்பாலில் அது தடை செய்யப்பட்ட பொருளல்ல, ஒலிம்பிக்கில் தடை. சக எழுத்தாளர்களில் பலர் யார் மேல் பாய்ந்தார்கள் தெரியுமா? அந்த நிருபர் மேல்! அப்புறம் அதே துறைக்காரர்கள் வாக்குச்சீட்டைக் கையில் எடுத்ததும் நீதிபதிகள் ஆகிவிட்டார்கள். அந்தக் காலம் முழுக்க விளையாட்டை நிர்வகித்த ஆணையர் பட் செலிக்குக்கு 2017-இல் தகடு வைத்தாயிற்று. முதலாளிக்குப் பொன்னாடை, ஆட்டக்காரனுக்குக் கதவடைப்பு.

சரி, அப்படியானால் எல்லோரையும் உள்ளே விடலாமா? இங்கேதான் ஃப்ரெட் மெக்கிரிஃப் வந்து என்னைத் தடுக்கிறார். 1989-இல் 36, 1992-இல் 35 ஹோம் ரன் அடித்து, தன் லீகில் முதலிடம் பிடித்தவர். ஊக்கமருந்துப் பேச்சில் அவர் பெயர் அடிபட்டதே இல்லை. சில வருடங்களில் 60, 70 என்று எண்கள் வீங்கியதும் அவருடைய 35 சின்னதாகத் தெரிந்தது. மொத்தம் 493, ஐந்நூறுக்கு ஏழு குறைவு. பத்து வருடமும் எழுத்தாளர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எழுத்தாளர்கள் விட்டவர்களை மறுபடி பரிசீலிக்கும் ஒரு குழுதான் 2022 டிசம்பரில் ஒருமனதாக உள்ளே அழைத்தது. மருந்து போடாதவனுக்கு நேர்ந்த இந்த நஷ்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லைக் கோட்டை நான் 2004-இல் போடுகிறேன். 1991-லேயே ஸ்டீராய்டுக்குத் தடை என்று சுற்றறிக்கை போனது உண்மை. ஆனால் சோதனை இல்லை. தண்டனையோடு கூடிய சோதனை 2004-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் சிக்கியவர்களுக்கு என்னிடம் இரக்கம் இல்லை. ரஃபேல் பல்மெய்ரோ 2005 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு முன் விரலை நீட்டி 'நான் தொட்டதே இல்லை' என்றார். அதே ஆண்டு சோதனையில் மாட்டினார். மேனி ராமிரெஸ் இரண்டு முறை. அலெக்ஸ் ராட்ரிகெஸுக்கு 2014 முழுக்கத் தடை. இவர்கள் வெளியிலேயே இருக்கட்டும்.

பாண்ட்ஸுக்கும் கிளெமென்ஸுக்கும் தகடு வையுங்கள். அதில் 762-ஐயும் எழுதுங்கள், மருந்து விவகாரத்தையும் எழுதுங்கள். அவ்வளவுக்கும் தகட்டில் இடம் ஏது என்று கேட்பவர்கள் அந்தப் பந்தை ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

2025 டிசம்பரில் அந்த 16 பேர் பரிசீலனைக் குழு மறுபடி கூடியது. பாண்ட்ஸுக்கு ஐந்து வாக்குகூட விழவில்லை. விதிப்படி 2028 பட்டியலில் அவர் பெயர் வராது; இனி 2031-இல்தான் பேச்சே. கேள்வி இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது.