காரவன் ஜன்னல் திரை: எதைப் பழுது பார்க்கலாம், எதை மாற்றணும்?

(காட்சி: காரவனுக்குள், படுக்கை ஜன்னல்)

வணக்கம். டிசம்பர் லீவுக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து காரவனை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீட்டை) இழுத்துக்கொண்டு ஸ்காட்பர்க் கடற்கரைப் பக்கமோ டிராக்கன்ஸ்பர்க் மலைக்கோ கிளம்பும் குடும்பங்களுக்காக இந்த வீடியோ. அந்த மாதத்தில் நம் கடற்கரையில் காலை 5 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். திரை ஓரத்தில் விரலளவு இடைவெளி இருந்தாலும் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். அதனால் படுக்கை ஜன்னலிலிருந்து ஆரம்பியுங்கள்.

மடிப்புத் திரையில் துணி நன்றாக இருந்து கயிறு மட்டும் அறுந்திருந்தால், தூக்கிப் போட வேண்டாம். மடிப்புத் துளைகளில் உரசி உரசித்தான் கயிறு அறுகிறது. பழைய கயிறு போகும் பாதையை முதலில் போட்டோ எடுங்கள். அப்புறம் அதே பாதையில் புது நைலான் கயிறு கோர்த்தால் போதும்.

துணியே வெயிலில் இற்றுப்போயிருந்தால் வெளிச்சம் புகாத ரோலர் திரை வாங்குங்கள். ஜன்னலின் அகலத்தைவிட இரு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். கீழே இருக்கும் ஜன்னல் கைப்பிடியில் திரை இடிக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

(காட்சி: டிரில் முனையில் டேப்)

இனி ரொம்ப கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. காரவன் சுவர் வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. மெல்லிய பலகை, அதற்குப் பின்னால் பஞ்சு அல்லது ஃபோம், அதற்கும் வெளியே தகடு. உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடத்தில்தான் ஸ்க்ரூ பிடிக்கும். பழைய ஸ்க்ரூ இருந்த இடம் அதைக் காட்டிக்கொடுக்கும். குட்டை ஸ்க்ரூவே போதும். டிரில் முனையில் டேப் சுற்றி, அந்த ஆழத்தோடு நிறுத்துங்கள். வெளித்தகட்டில் ஓட்டை விழுந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தை அழுக வைத்துவிடும்.

மாட்டிய பிறகு திரை தானாகச் சுருளவில்லையா? பாதி இழுத்து, பிராக்கெட்டிலிருந்து கழற்றி, கையால் சுருட்டி, மறுபடி மாட்டுங்கள். ஸ்பிரிங் முறுக்கேறும்.

கேஸ் அடுப்புக்கு அருகில் துணித் திரையே வேண்டாம்.

இன்னொன்று. காரவன் ஜன்னல் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். கடும் வெயிலில் திரையை முழுக்க மூடி வைத்தால் திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சூடு தங்கி ஜன்னல் வளையலாம். கொஞ்சம் திறந்தே விடுங்கள். குளிர்காலத்தில் நமக்கு வெயில் வடக்கிலிருந்து வரும். சூடு வேண்டுமானால் பெரிய ஜன்னல் வடக்கைப் பார்க்கும்படி காரவனை நிறுத்தி, பகலில் திரையைச் சுருட்டி விடுங்கள்.