செத்த டேட்டாபேஸ் சொல்லாததைக் கெர்னல் சொன்னது

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிடிபட்டுவிட்டது! நள்ளிரவில் என் தளத்தின் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் பொத்தென்று விழுகிறது என்று போன வீடியோ முழுக்கப் புலம்பினேனே, அதன் காரணம் பிடிபட்டுவிட்டது.

முதலில் ஒரு கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். கமெண்டில் பாதிப் பேர் சொன்னது, "ரீஸ்டார்ட் பண்ணுங்க, சரியாகிடும்." இந்த அறிவுரையை நான் அடியோடு வெறுக்கிறேன். ஏனென்றால் திங்கட்கிழமை அதைத்தான் செய்தேன். காலையில் பார்த்தால் தளம் திறக்கவில்லை. டேட்டாபேஸ் என்னவோ தானாக எழுந்து, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வால் லாகை ஓட்டி, தன்னைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அறுந்த கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டு தொங்கியது அப்ளிகேஷன்தான். நான் பதற்றத்தில் 10 மணிக்கு மெஷினையே ரீபூட் செய்தேன். இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் செய்திகளை நினைவகத்தில், பழையதின் மேல் புதியது எழுதப்படும் ஒரு வளையத்தில்தான் வைத்திருக்கும். ரீபூட் செய்தால் அது போச்சு. இருந்த ஒரே சாட்சியத்தை என் கையாலேயே அழித்தேன்.

வியாழக்கிழமை மறுபடி விழுந்தது. இந்த முறை எதையும் தொடவில்லை. போஸ்ட்கிரெஸ் லாகில் இருந்த வரி: சர்வர் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோகிராம்) சிக்னல் 9-ஆல், அதாவது உடனே கொல்லும் கட்டளையால், முடிக்கப்பட்டது. அடுத்த வரியிலேயே, மற்ற எல்லா ப்ராசஸையும் நிறுத்துகிறேன் என்று அறிவிப்பு. ஒன்று செத்தால் மற்றவர்களை ஏன் வெளியேற்ற வேண்டும்? எல்லாரும் ஒரே ஷேர்டு மெமரியில் எழுதுகிறவர்கள். செத்தவன் பாதி எழுதியதை எங்கே விட்டுப் போனானோ என்று தாய் ப்ராசஸுக்குத் தெரியாது. அதனால் எல்லாரையும் அனுப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்த குணம்.

சரி, 9 யார் அனுப்பியது? செத்தவனால் சொல்ல முடியாது, 9 வந்தால் ஒரு வரி எழுதக்கூட அவகாசம் கிடையாது. அதனால் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்ட் பக்கம் போனேன். அங்கேதான் ஒரு மணிநேரம் போனது. நேரம் போட வேண்டிய இடத்தில் 231067 என்று இருக்கிறது! மெஷின் எழுந்ததிலிருந்து எத்தனை விநாடி என்று அர்த்தம். பேப்பர் எடுத்து 86400-ஆல் வகுத்தேன். 2 நாள், 16 மணி, 11 நிமிடம், 7 விநாடி. திங்கள் காலை 10-லிருந்து எண்ணினால் வியாழன் அதிகாலை 2:11. லாகில் இருந்த அதே நிமிடம்! நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். அதற்கப்புறம்தான் டிமெசேஜோடு பெரிய எழுத்து டி ஆப்ஷன் போட்டால் அதுவே மணியாக மாற்றித் தரும் என்பது நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, கையால் போட்ட கணக்கின் திருப்தி வேறு.

அந்த வரி என்ன? "அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ்", பக்கத்தில் போஸ்ட்கிரெஸ் பெயர். லினக்ஸ் கையில் இருப்பதைவிட அதிக நினைவகத்தைத் தருவதாக வாக்குக் கொடுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்க வந்துவிட்டால் ஓஓஎம் கில்லர், அதாவது நினைவகம் தீர்ந்தால் இறங்கும் கெர்னலின் பகுதி, ஒருவரைப் பிடித்து முடித்துவிடும். அந்த வரிக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ்களின் அட்டவணையும் இருந்தது. அதில் ஒரு ப்ராசஸ் பிடித்திருக்கும் ராமைக் காட்டும் ஆர்எஸ்எஸ் பத்தியில் 160000 பார்த்து, கிலோபைட், அதாவது 160 எம்பிதானே என்று விட்டுவிட்டேன். தப்பு! அது பேஜ் கணக்கு, கெர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் துண்டு. ஒரு பேஜ் 4 கிலோபைட். ஏறத்தாழ 625 எம்பி! கொன்றதைச் சொல்லும் வரியில் மட்டும்தான் கிலோபைட்.

நினைவகம் எங்கே போனது? முன்பு ஒரு வீடியோவில் ரிப்போர்ட் வேகமாக ஓட ஒர்க் மெம்மை, அதாவது போஸ்ட்கிரெஸ் ஒரு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைவக வரம்பை, 256 எம்பியாக ஏற்றினேன், அதேதான். இயல்பு அளவு வெறும் 4 எம்பி. அது கனெக்ஷனுக்கு ஒன்று என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒரு க்வெரிக்குள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும், அதாவது வரிசைப்படுத்தலுக்கும், ஒன்று. 40 கனெக்ஷன், ஆளுக்கு 2 சார்ட் என்றால் 20 ஜிபி. மெஷினில் இருப்பது 16, அதில் 4 போஸ்ட்கிரெஸின் பொதுத் தற்காலிகச் சேமிப்பான ஷேர்டு பஃபர்ஸுக்கே போய்விட்டது. ஹாஷை, அதாவது டேபிள்களை இணைக்கவும் தொகுக்கவும் பயன்படும் முறையை, விட்டுவிட்டேனே, போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக ஹாஷுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வரை அனுமதி உண்டு. ரிப்போர்ட்டும் எக்ஸ்போர்ட்டும் அதிகாலை 2 மணிக்கு ஒன்றாகச் சேர்ந்த நாளில் மட்டும் விழுந்தது இதனால்தான்.

ஓ, உங்களுக்குச் சிக்னல் 9 இல்லாமல் 11 வந்தால் இந்தக் கதை பொருந்தாது. அது ப்ராசஸே தவறான நினைவக இடத்தைத் தொட்டுத் தடுக்கி விழுந்தது. எக்ஸ்டென்ஷனையோ ராமையோ சந்தேகப்படுங்கள். கன்டெய்னரில் ஓட்டுகிறவர்கள் அது நின்றபோது தந்த எக்ஸிட் கோடில் 137-ஐத் தேடுங்கள், அது 128-உம் 9-உம் கூட்டியது. ரீபூட் ஆனாலும் சாட்சியம் நிற்க சிஸ்டம் லாகான ஜர்னலை டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லிவிட்டேன்.

பொதுவான ஒர்க் மெம்மை 16 எம்பிக்கு இறக்கி, ரிப்போர்ட்டின் ட்ரான்ஸாக்ஷனுக்குள் மட்டும், அது முடிந்ததும் தானாக நீங்கும் செட் லோக்கல் கட்டளை போட்டு ஏற்றிக்கொண்டேன். கெர்னல் எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் ஓவர்கமிட் மெமரி அமைப்பை 2 ஆக்கினேன், இனி கெர்னல் பொய் வாக்கு கொடுக்காது. அதிலும் ஒரு சிக்கல். ராமில் எத்தனை சதவீதம் கணக்கில் சேரும் என்று சொல்லும் ஓவர்கமிட் ரேஷியோ இயல்பாக 50, ஆகவே பாதி ராம் 8, ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப் 4, மொத்தம் 12 ஜிபிக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லை. 80 வைத்ததும் சரியானது.

நேற்று இரவு தூங்காமல் 2:11 வரை உட்கார்ந்து, வேண்டுமென்றே ஒரு க்வெரிக்கு மட்டும் அளவை ஏற்றி ஓட்டினேன். நினைவகம் போதவில்லை என்று அந்த ஒரு க்வெரி பிழை காட்டி நின்றது. மற்ற 39 கனெக்ஷனும் அசையவில்லை. நிறையப் பேர் கேட்ட, சில கனெக்ஷன்களையே பலருக்கும் பகிர்ந்து தரும் கனெக்ஷன் பூலரை இன்னும் வைக்கவில்லை, அடுத்த வீடியோ அதுதான்.