சுவர் இடிந்த பிறகு யார் வருகிறார்?

நடுவர் அவர்களே, தமுக்கத்தில் கூடியிருக்கும் மதுரைப் பெருமக்களே, வணக்கம். "ஊர்ப் பிரச்சினையை உள்ளபடி சொல்வதில் விஞ்சி நிற்பவர் சம்பளத்துக்கு எழுதும் செய்தியாளரா, தனித்து இயங்கும் பத்திரிகையாளரா?" என்பது தலைப்பு. தனித்து இயங்குபவரே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் உத்தப்புரத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். எழுமலைக்குப் பக்கத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற அந்தச் சுவரை எதிர்த்து இயக்கங்கள் போராடின, நாளிதழ்கள் எழுதின. 2008 மே 6-ந் தேதி சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அன்றைக்கு ஊரில் கேமராவுக்குக் குறைவில்லை. அதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் நண்பர் கதையை அங்கேயே நிறுத்திவிட்டார். அதே மக்கள் முத்தாலம்மன் கோவிலுக்குள் காலெடுத்து வைத்தது எப்போது? 2011 நவம்பரில். இடையில் மூன்றரை வருஷம். பஸ் நிழற்குடை கேட்டு அலைந்த வருஷம், அரசமரத்தடியில் கும்பிட உரிமை கேட்ட வருஷம், கோர்ட்டு கேஸு என்று வீட்டு ஆம்பளைகள் நடந்த வருஷம். மோதல் நடந்தால் செய்தி, சமாதானக் கூட்டம் நடந்தால் செய்தி. ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமையில் அந்தத் தெருவுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போச்சு என்பதை எந்தப் பக்கத்தில் போடுவது? தாலுகா செய்தியாளரை நான் குறை சொல்லவில்லை. காலையில் மனுநீதி நாள், மத்தியானம் விபத்து, சாயங்காலம் அமைச்சர் வருகை, எட்டு மணிக்குள் எல்லாம் போய்ச் சேரணும். அவர் நின்று பேச நினைத்தாலும் வேலை விடாது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். நம்ம மதுரை மாவட்டத்து மூன்று ஊராட்சிகள். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவி 1996-லிருந்து 2006 வரைக்கும் நிலையாக நிரம்பவே இல்லை. ஒவ்வொரு தேர்தல் அறிவிப்புக்கும் நிருபர்கள் போனார்கள், வேட்புமனு வரவில்லை என்றோ, ஜெயித்தவர் ராஜினாமா செய்துவிட்டார் என்றோ எழுதினார்கள். உண்மைதான். ஆனால் ஒரு ஊரே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க, அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தே ஆகணும். தேர்தல் முடிந்த பிறகும் உட்காரணும். அதற்கு நேரம் உள்ளவர் யார், நடுவர் அவர்களே?

பெரிய இடத்திலிருந்து ஒரு சாட்சி. கிராமத்து வறுமையை எழுதிப் பேர் வாங்கிய பத்திரிகையாளர் பி.சாய்நாத், மும்பையில் ஒரு வார இதழின் துணை ஆசிரியராக இருந்தவர். அந்த நாற்காலியில் இருந்துகொண்டே வறுமையைப் பற்றி எழுதியிருக்கலாம். 1993-ல் அதை விட்டு இறங்கி, ஃபெலோஷிப் என்கிற நல்கை ஒன்றை வாங்கிக்கொண்டு நாட்டின் பரம ஏழை மாவட்டங்களுக்குப் போனார். நம்ம பக்கத்து இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. வேலையை விட்ட பிறகுதான் அவருக்கு அந்த ஊர்கள் வாய்த்தன.

இப்போது நம்ம ஊருக்கே வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண், எந்த அலுவலகத்திலும் வேலை பார்க்காதவர், பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறவர். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனார். மடியில் வெள்ளைத் துணி. நகத்தால் துணியைத் துளியூண்டு கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளி. சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறியிருக்காது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் இந்த முடிச்சு. முதல் தடவை அந்த அம்மா, "கூலியெல்லாம் பரவால்ல தாயி" என்றார். ஒரு செய்திக்கு அது போதும். நம்ம ஆளுக்குப் போதவில்லை. திரும்பப் போனார், பக்கத்தில் உட்கார்ந்து தானும் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை, அந்த அம்மா சிரித்தார். பேச்சு வளர்ந்தது. பொழுது சாய்ந்தால் புள்ளி தெரியலை, கண்ணாடி மாற்றணும், முடிச்சு விட்டுப்போனால் ஏஜென்ட் கூலியில் பிடிக்கிறார் என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது. கடைசியில், "அவரு பேரப் போட்டுறாத தாயி, அடுத்த வாரம் சேலை வராது" என்றும் சொன்னார்.

பேர் போடவில்லை. கட்டுரையில் கூலி இருந்தது, கண் இருந்தது, அந்த அம்மாவைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் இல்லை. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரே கொண்டாடியது. அந்தப் பெருமையில் இந்த விரலுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டவர் இவர். கட்டுரை வந்த இதழை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த வீட்டுக்கே போய் வாசித்தும் காட்டினார். எழுதப்பட்டவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிற துணிவு இருக்கிறதே, அதைத்தான் நான் பத்திரிகை தர்மம் என்பேன்.

எதிரணி அம்மா கேட்டார்: "நாளைக்குக் கேஸு வந்தால் நிறுவனம் துணை நிற்கும், தனியாளுக்கு யார் இருக்கா? சோத்துக்கே வழியில்லாதவர் சமூகத்துக்கு என்ன செய்வார்?" நியாயமான கேள்வி. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-ல் வந்தது. பத்திரிகை ஊழியர் சம்பளத்துக்கான மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011-ல் அறிவிக்கப்பட்டது, 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எல்லாம் வேலையில் இருப்பவர்களுக்காக வந்தவை. கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவருக்கு அந்தக் கூலிக் கணக்கில் இடம் இருந்ததில்லை. சுங்குடி அம்மாவுக்கு முடிச்சுக்குக் கூலி, இவருக்குப் பக்கத்துக்குக் கூலி. கட்டுரை அச்சேறினால்தான் அதுவும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் காசு அவர் கைக்காசு. ஆனால் அம்மா, இது அவருடைய குறை இல்லை. அவர் எழுத்தை வாங்கிப் போட்டுக்கொள்கிற நம்முடைய குறை.

இந்த அவையில் பத்திரிகை ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கட்டுரையை ஏற்றுக்கொண்ட அன்றைக்கே பாதித் தொகையைக் கொடுங்கள். பயணச் செலவைத் தனியாகக் கொடுங்கள். வழக்கு வந்தால் எங்கள் வக்கீல் நிற்பார் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும், இந்த மூன்றையும் உங்கள் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.