அட்மிஷன் அன்றே தீர்மானமாகும் பில்

நேயர்களுக்கு வணக்கம்.

டிஸ்சார்ஜ் அன்று பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம், "இன்சூரன்ஸ் போக நீங்க கட்ட வேண்டியது 72,000 ரூபாய்" என்று கவுன்டரில் சொல்கிறார்கள். "பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கு, பில் 3 லட்சம்கூட வரலையே!" என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். பெரும்பாலும் இதற்குக் காரணம் ரூம் வாடகை வரம்பு. பல பழைய பாலிசிகளில் ஒரு நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய்தான்.

8,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் தங்கினால், கூடுதல் 12,000 ரூபாயை மட்டும் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். 8,000-க்கு 5,000 என்றால் 62.5 சதவீதம். அந்தக் கட்டணங்கள் 1,60,000 ரூபாய் என்றால், 1 லட்சம்தான் கிடைக்கும். மீதி 60,000, ரூமுக்கு 12,000: மொத்தம் 72,000.

மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி), லேப் பரிசோதனை, ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு செய்யக் கூடாது. ரூமுக்கு ஏற்ப கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையிலும் செய்யக் கூடாது. கழிவுப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். உங்கள் வரம்புக்குள் ரூம் காலி இல்லை என்றார்களா? அதை அட்மிஷன் அன்றே எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு வாதாட அந்தத் தாள் வேண்டும்.

அடுத்தது நெட்வொர்க், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியல். மருத்துவமனை வாசலில் போர்டு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பாலிசி எண்ணைச் சொல்லி நிறுவனத்திடமே கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். நெட்வொர்க்கில் இல்லாத இடத்திலும் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறையைக் கேட்கும் வசதி 2024 ஜனவரி 25-இல் வந்தது. திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், அவசரமாகச் சேர்ந்தால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் மருத்துவமனையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் பல நேரம் இழுபறி.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் பலர் மனம் உடைந்துவிடுகிறார்கள். அது கிளெய்மையே மறுத்ததாகாது. பணத்தைக் கட்டிவிட்டு, அதைத் திரும்பத் தரும்படி ரீஇம்பர்ஸ்மென்ட் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்துக் காட்டிய பில், கட்டிய ரசீது, மருந்துச் சீட்டுடன் மருந்து பில், பரிசோதனை முடிவுகள், ஸ்டென்ட் போன்றவை உடலில் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர் எல்லாம் வேண்டும். ஸ்டிக்கரைத்தான் அதிகம் பேர் தொலைக்கிறார்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் முன் அனுமதி 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதல் 3 மணி நேரத்திலும் வர வேண்டும். 3 மணி நேரம் தாண்டி, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அது நிறுவனத்தின் பொறுப்பு. அதனால் கோரிக்கை போன நேரத்தை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பில்லில் கையுறை, மாஸ்க் போன்ற 68 பொருட்களுக்குப் பாலிசியில் தனி ஏற்பாடு இல்லாவிட்டால் பணம் கிடைக்காது. ஆனால் காஸ் துணி, சர்ஜிக்கல் பிளேடு போன்றவை சிகிச்சைக் கட்டணத்திலேயே அடக்கம். அவற்றைத் தனியாகப் போட்டிருந்தால் பில்லிங்கில் கேளுங்கள். கேட்கிறவருக்குத்தான் திருத்தம் நடக்கிறது.

குறை தீரவில்லையா? முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். பாலிசி நகல், மறுப்புக் கடிதம், கழிவுப் பட்டியல், நீங்கள் அனுப்பிய புகாரின் நகல் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், அது கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் நிறுவனம் அதை நிறைவேற்றியாக வேண்டும்.

வணக்கம்.