விசுவாசத்தையும் பேசும் பங்குப்பேரவை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, பங்குப்பேரவை உறுப்பினர்களே, சகோதர சகோதரிகளே,

பொதுநிலையினரின், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாத விசுவாசிகளின், பங்கேற்பு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பேச வருகிறவர்கள் வழக்கமாக வேலைகளைப் பட்டியலிடுவார்கள்: வாசகம் வாசிக்கலாம், பாடலாம், மறைக்கல்வி கற்பிக்கலாம், நிதி திரட்டலாம். இவையெல்லாம் ஏற்கெனவே நடக்கின்றன. ஆனாலும் 'ஃபாதருக்கு ஒத்தாசை செய்கிறோம்' என்ற எண்ணம் நம்மைவிட்டுப் போனபாடில்லை.

உலகெங்கிலுமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாம் அதிகாரம் இறைமக்களைப் பற்றியது. ஆயர், குரு என்னும் திருப்பணியாளர் படிநிலைக்கு அடுத்த அதிகாரத்தில்தான் இடம். சங்கத் தந்தையர் விவாதித்து மாற்றியமைத்த வரிசை இது. கிறிஸ்துவின் குருத்துவ, இறைவாக்கு, அரச பணிகளில் நமக்குள்ள உரிமை திருமுழுக்கில் வந்தது. பங்குத்தந்தை மனமுவந்து கொடுத்த சலுகை அன்று அது.

கொரியாவின் கதையைக் கேளுங்கள். அங்கே திருச்சபையைத் தொடங்கியவர்கள் குருக்கள் அல்லர். சீனாவிலிருந்து வந்த கத்தோலிக்க நூல்களைச் சில அறிஞர்கள் தாங்களே படித்து விவாதித்தார்கள். அவர்களுள் ஒருவரான யி சியுங்-ஹுன் 1784-இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்று, நாடு திரும்பி மற்றவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஆர்வத்தில் ஒரு படி தாண்டி, தங்களுக்குள்ளேயே சிலரைக் குருக்களாக நியமித்துத் திருப்பலிகூட நடத்திவிட்டார்கள்! பிறகு ஐயம் வந்து பெய்ஜிங் ஆயருக்கு எழுதிக் கேட்டார்கள். தவறு என்று பதில் வந்ததும் நிறுத்தினார்கள். தங்களுக்கு ஒரு குருவை அனுப்பும்படி மன்றாடினார்கள். யி திருமுழுக்குப் பெற்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்துச் சீனக் குரு ஜோ வென்மோ வந்தபோது, ஏறத்தாழ 4,000 விசுவாசிகள் அவருக்காகக் காத்திருந்தார்கள். பொதுநிலையினர் எழுந்தால் குருவின் இடம் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குருவின் அருமை அந்த மக்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியுமா என்பது ஐயம்தான்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது. மேய்ப்புப்பணிப் பேரவையை, அதாவது நம் பங்குப்பேரவை போன்றதையோ, ஆயரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதற்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. பணத்துக்குக் கட்டாயம், மேய்ப்புப்பணிக்கு விருப்பம் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், இத்தகைய பேரவைகளைக் கட்டாயமாக்கக் கேட்டிருப்பது நல்ல செய்தி.

ஆனால் பேரவை அமைந்துவிட்டால் மட்டும் போதுமா? நம் கூட்டங்களில் வரவு செலவு பேசுகிறோம், கூரை ஒழுகுவதைப் பேசுகிறோம். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நன்கொடை கொடுத்தார் என்பது தெரியும். எந்தத் துயரத்தில் அவருக்குச் செபம் கைகொடுத்தது என்பது தெரியாது. ஒன்றாக வேலை செய்கிறோம், விசுவாசத்தை மட்டும் அவரவர் தனியாக வைத்துக்கொள்கிறோம். இந்தக் கூச்சம் படித்தவர்களிடம்தான் அதிகம்.

எனவே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பேரவைக் கூட்டத்தில், கணக்கு நோட்டைத் திறப்பதற்கு முன் அந்த ஞாயிறின் நற்செய்தியை வாசியுங்கள். அது தம் வாழ்வில் எங்கே தொட்டது என்று ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசட்டும். மறுப்பவர்களை வற்புறுத்த வேண்டாம். பங்குத்தந்தை கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால், மற்றவர்கள் எல்லாரும் வழிமொழிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.